‘திடீர்’ என்ற சொல்லுக்குள் அடங்காத வலி

வெளிநாடு கிளம்பும் பெண்ணிடம் விசா வந்துவிட்டதா என்று கேட்கிறோம். டிக்கெட், டாலர், ஸ்வெட்டர், ஊறுகாய் என்று ஒன்று விடாமல் கேட்கிறோம். போன இடத்தில் உதிரப்போக்கு நிற்காவிட்டால் எந்த டாக்டரைப் பார்ப்பாள், யார் பணம் கட்டுவார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கூச்சத்தால் விட்டுவிடும் அந்த ஒரு கேள்விக்குத்தான் அயல்நாட்டில் அதிக விலை கொடுக்க நேர்கிறது.

மல்காஜ்கிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட மக்களவைத் தொகுதி என்பது நினைவுக்கு வரலாம். ஹைதராபாத்வாசிகளுக்கு அது ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பேட்டை. செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு.

இங்குள்ள சஃபில்குடா ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சில் அமெரிக்கா அடிக்கடி வந்துபோகும். “பொண்ணுக்கு அக்டோபர்ல டேட். நான் செப்டம்பர்லயே கிளம்பறேன்.” “எத்தனை மாசம்?” “ஆறு மாசம்தான் விடுவான்.”

பிரசவம் பார்க்கப் போகும் அந்த அம்மாவின் பெட்டியில் மகளுக்குப் பிரசவ லேகியம் இருக்கும். பத்தியப் பொடி இருக்கும். பேரக்குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் இருக்கும். தனக்கென்று எடுத்து வைத்தது சர்க்கரைக்கும் பிரஷருக்குமான ஆறு மாத மாத்திரை. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்துப் போன மாதம் இரண்டு தடவை கறை பட்டதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3.63 லட்சம் இந்திய மாணவர்கள் படித்தார்கள். தெலுங்கு மாநிலங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன பெண்கள் அவர்களில் கணிசம். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு போன மனைவிகள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுவேலைக்குப் போனவர்கள், பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள் எல்லோரையும் சேர்த்தால் இது ஒரு பெரிய ஊர். அந்த ஊருக்கு லேடி டாக்டர் யார்?

காப்பீடு எதற்குப் பணம் தரும்?

பயணக் காப்பீட்டின் உயிர் ஒரு சொல்லில் இருக்கிறது: ‘திடீர்’. படியில் விழுந்து கால் முறிந்தால் பணம் தருவார்கள். குடல்வால் வெடித்தால் தருவார்கள். எதிர்பாராமல், புதிதாக, அவசரமாக வந்தது என்று காட்ட முடிந்தால் காப்பீடு கைகொடுக்கும்.

பெண்ணின் உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. கர்ப்பப்பையில் கட்டி வருஷக் கணக்கில் வளரும். பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட வரும். வெள்ளைப்படுதல், அடி இறங்குவது, மாதாமாதம் சுருண்டு படுக்க வைக்கும் வலி என்று எதுவும் ஒரே நாளில் முளைப்பதில்லை. அவசரப் பிரிவுக்கு ஓடும் அளவுக்கும் இல்லை. பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கும் அளவுக்கும் இல்லை. காப்பீட்டு அகராதியில் இவற்றுக்கு ‘முன்பே இருந்த நோய்’ என்று பெயர். அந்தப் பெயர் விழுந்ததும் கதவு மூடிக்கொள்ளும்.

கர்ப்பமும் பிரசவமும் சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். ஆண்டுப் பரிசோதனை, கருத்தடை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை போன்றவற்றுக்கும் அதில் இடமில்லை. ஆக, ஒரு பெண் மகப்பேறு மருத்துவரிடம் எதற்கெல்லாம் போவாளோ அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பிரீமியம் வாங்குகிறார்கள்.

பிரசவம் பார்க்கப் போன அம்மா

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் விசா. கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஒரு லட்சம் கனடிய டாலர் காப்பீடு வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லை. அதனாலேயே பலர் எது மலிவோ அதை வாங்குகிறார்கள். சிலர் அதையும் வாங்குவதில்லை.

மாதவிலக்கு முழுமையாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். மீதி ஒன்பது பேருக்குப் பொதுவாகப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த ஒருவருக்கும் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு குணமாகிவிடும். தேவைப்படுவது ஒரு ஸ்கேனும் சிறு திசுப் பரிசோதனையும்தான்.

மல்காஜ்கிரியில் இது இரண்டு நாள் வேலை. தெருமுனை நர்சிங் ஹோமில் சில நூறு ரூபாய் ஃபீஸ். பக்கத்திலேயே ஸ்கேன் சென்டர். அமெரிக்காவில் அதே வேலைக்கு டாக்டர் ஒரு பில், ஸ்கேன் ஒரு பில், படத்தைப் பார்த்துச் சொன்னவர் ஒரு பில், லேப் ஒரு பில் என்று வாரக் கணக்கில் தபாலில் வந்துகொண்டே இருக்கும். மாப்பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். ஆறு மாதம் போய்விடுகிறது.

பணத்துக்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. டாக்டரிடம் போனால் யார் பேசுவது? அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும். மகள் பச்சை உடம்புக்காரி. கூட வருவது மாப்பிள்ளை. அவரை நடுவில் வைத்துக்கொண்டு எந்த மாமியார் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசுவாள்?

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். தொலைபேசியில் தமிழ் பேசுபவரை இணைத்துத் தரச் சொல்லலாம். மாப்பிள்ளை வெளியே உட்காரலாம். பிரிட்டனிலும் இந்த ஏற்பாடு உண்டு. இந்த ஒரு தகவல் தெரிந்தாலே பல அம்மாக்கள் வாய் திறப்பார்கள்.

படிக்கப் போன மகள்

மாணவியின் கணக்கு வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தங்கள் காப்பீட்டைக் காட்டும். விலை கூடுதலாக இருக்கும். ஊரிலேயே மலிவாக ஒன்று வாங்கிக் காட்டி அதிலிருந்து விலக்குப் பெறுவது நம் பிள்ளைகளிடையே பழகிப்போன தந்திரம். சீனியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அப்பாவுக்கும் சில ஆயிரம் மிச்சம்.

மிச்சமான பணம் எங்கே போனது என்பது பிறகுதான் தெரியும். 2010-ல் வந்த காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அமெரிக்கத் திட்டங்கள் பெண்களின் ஆண்டுப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, கருத்தடை ஆகியவற்றுக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கக்கூடாது. முன்பே இருந்த நோய் என்று தள்ளவும் முடியாது. பல்கலைக்கழகத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த விதிக்குள் வரும். ஊரிலிருந்து வாங்கிச் செல்லும் மலிவுத் திட்டத்துக்கு இந்த விதி பொருந்தாது. பிசிஓடி உள்ள மகளுக்கு எது லாபம் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்த வாரத்தில் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கதை இதற்கு நேர் எதிர். அங்கே பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவருக்கு 776 பவுண்டு. கட்டியவருக்கு அரசு மருத்துவ சேவையில் பிரசவம் உட்படப் பெரும்பாலான சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் இல்லை. கருத்தடை இலவசம். 25 வயதிலிருந்து கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அவர்களே அழைப்புக் கடிதம் அனுப்புவார்கள்.

ஆனால் அங்கே வசிக்கும் பகுதியின் பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்தால்தான் இவை எல்லாம் நடக்கும். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதியாமலே படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கட்டிய சாப்பாட்டை இலை போடாமல் விட்டுவிட்டு வருவதைப் போன்றது இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலவசம் என்பதால் உடனே கிடைத்துவிடாது. பிரிட்டனில் முதலில் பொது மருத்துவர், அவர் எழுதிக் கொடுத்தால்தான் மகப்பேறு நிபுணர். அவருக்காக லட்சக்கணக்கான பெண்கள் மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருக்கும் மாணவி நேராகப் பெண்கள் மருத்துவரிடமே போகலாம். காசு எப்படிக் கட்டுவது என்பதில் மட்டுமல்ல, எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும்.

கணவரின் அட்டையில் மனைவி

அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கணவரின் நிறுவனக் காப்பீடு இருக்கும். நால்வரில் இவள் நிலை தேவலை என்று தோன்றும். ஆனாலும் பிரசவம் என்று வந்தால் அவள் பர்சும் திறக்க வேண்டியதுதான். 2018-20 காலத்துக்கான ஆய்வு ஒன்றின்படி, பெரிய நிறுவனங்களின் காப்பீட்டில் இருந்த பெண்களுக்குக் கர்ப்பம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின்பு வரை சராசரியாக 19,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆனது. காப்பீடு போக அவர்கள் கையிலிருந்து கட்டியது 2,850 டாலருக்கும் மேல்.

நம் ஊரில் பாலிசி இருந்தால் ‘கேஷ்லெஸ்’ என்று பழகியவர்களுக்கு இது புரிவதில்லை. அங்கே ஒவ்வோர் ஆண்டும் முதலில் குறிப்பிட்ட தொகை வரை நாமே கட்டவேண்டும். அதற்குமேல்தான் காப்பீடு கை நீட்டும்; அப்போதும் ஒரு பங்கு நம்முடையது. நெட்வொர்க்கில் இல்லாத டாக்டரிடம் போனால் அந்தப் பங்கு பல மடங்காகும். ஆண்டு பிறந்தால் கணக்கும் புதிதாகத் தொடங்கும். கர்ப்பம் ஓர் ஆண்டிலும் பிரசவம் மறு ஆண்டிலும் விழுந்தால் இரண்டு தடவை கட்ட நேரிடும்.

வேலை போய்விட்டால்? எச்1பி வேலை விசாக்காரருக்கு 60 நாள் அவகாசம். நிறுவனக் காப்பீடு அதற்கு முன்பே முடிந்துவிடலாம். ‘கோப்ரா’ என்ற ஏற்பாட்டில் அதே காப்பீட்டைத் தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியமும் நம் தலையில் விழும். ஆட்குறைப்புச் செய்திகளில் வேலை இழந்தவர்களின் எண்ணிக்கை வருகிறது. அந்த வீடுகளில் ஏழாம் மாதக் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

சட்டம் மாறினால் கருப்பைக்குள் இருக்கும் குழந்தைக்கும் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று பிறப்புவழிக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அது ஒரு மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்றிருந்தது. உடனே சில இந்தியத் தம்பதிகள் நாள் நிறைவதற்கு முன்பே சிசேரியன் செய்ய முடியுமா என்று மருத்துவர்களைக் கேட்டதாகச் செய்திகள் வந்தன. நீதிமன்றங்கள் ஆணையை நிறுத்திவைத்தன. ஒரு கையெழுத்துக்கு அஞ்சி எட்டாம் மாதத்தில் வயிற்றைக் கிழிக்கலாமா என்று கேட்க வைத்த அந்தப் பயத்தை யாரும் மறந்திருக்க முடியாது.

அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்றும் உண்டு. மனைவி டாக்டரிடம் போய்வந்த விவரக் கடிதம் பொதுவாகக் காப்பீட்டின் உரிமையாளரான கணவரின் பெயருக்கு வரும். இணக்கமான வீட்டில் இது ஒரு பொருட்டில்லை. கருத்தடைச் சாதனம் வைத்துக்கொண்டதை மறைக்கவேண்டிய கட்டாயத்தில் இருப்பவளுக்கும், அடி வாங்குகிறவளுக்கும் அந்த ஒரு காகிதம் ஆபத்து. கடிதத்தை வேறு முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும் உரிமை அங்கே இருக்கிறது. இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

பரிசோதனை உண்டு, பராமரிப்பு இல்லை

வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். கர்ப்பமா என்றும் பார்ப்பார்கள். ஆம் என்றால் தகுதியில்லை. சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதிலும் கர்ப்பச் சோதனை உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் பொதுவாக வேலை அனுமதி ரத்தாகும். அவள் கர்ப்பப்பையை இந்த அரசுகள் கவனமாகப் பார்க்கின்றன. அதில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ல.

காப்பீடு இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் முதலாளி எடுத்துத் தரவேண்டிய மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர். ஆனால் அது மருத்துவமனையில் படுத்தால்தான். அல்லது அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்குத்தான். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2025 ஜனவரியிலிருந்து எல்லா எமிரேட்டுகளிலும் தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் காப்பீடு கட்டாயம்; அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது.

நம் அரசின் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ 2003-ல் வந்தது. குடியகல்வு அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்குக் கட்டாயம். வரி தவிர்த்து இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் நேரும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். மருத்துவத்துக்கு ஒரு லட்சம் வரை. பெண்களின் பிரசவச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. அதே பெண் வேலைக்குச் சேருமுன் கர்ப்பமாக இருந்தால் தகுதியில்லை. சேர்ந்த பிறகு கர்ப்பமானால் வேலை நிலைப்பது அரிது. இந்தச் சலுகையை யார், எங்கே உட்கார்ந்து வாங்குவது?

பத்தாம் வகுப்பு முடிக்காத பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனங்களின் வழியாகத்தான் போகவேண்டும். ஹைதராபாத்தில் ‘டாம்காம்’, சென்னையில் 1978 முதல் இயங்கும் ‘அயல்நாட்டு மனிதவள நிறுவனம்’ ஆகியவை அதற்காகவே இருக்கின்றன. இந்த வாசலைச் சுற்றிக்கொண்டு ஏஜென்ட் சொன்ன சுற்றுலா விசாவில் போகிறவளுக்கு மேலே சொன்ன எதுவும் கிடையாது. உதிரம் கொட்டினாலும் முதலாளியம்மா மனம் வைத்தால்தான் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் இவளுக்காகப் பேசுவதும் அந்த அம்மாதான்.

‘இந்தியா வரும்போது பார்த்துக்கலாம்’

இந்த நால்வரும் கடைசியில் சொல்லும் ஒரே தீர்வு இதுதான். பல சமயங்களில் அது நல்ல கணக்கும்கூட. அவசரமில்லாத சிகிச்சைக்கு டிக்கெட் போட்டு வந்து போனாலும் செலவு குறைவு. பிழை எங்கே என்றால், எது அவசரம், எது இல்லை என்று டாக்டர் பார்க்காமலே நாம் முடிவு செய்வதில்தான். ரத்தப்போக்கும் புதுக் கட்டியும் விடுமுறைக்காகக் காத்திருக்காது.

அதுவரை காலம் தள்ள மாத்திரை போகிறது. மாதவிலக்கைத் தள்ளிப்போடவும் போக்கை நிறுத்தவும் ஹார்மோன் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். உள்ளே இருக்கும் நோயை அது மூடி மறைக்கக்கூடும். சில நாடுகளில் சீட்டு இல்லாமல் மருந்து கொண்டுபோவதே சிக்கல்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் நம் வாசலிலேயே இருக்கிறது. “அங்கே போய் அவதிப்படாதீங்கம்மா, எடுத்துட்டே போயிடுங்க” என்று கர்ப்பப்பையை அகற்றச் சொல்லும் யோசனை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் நாட்டளவில் 3 சதவீதம் அளவில். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 8 சதவீதத்துக்கு மேல். தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. பயணத்துக்கு முன் பரிசோதனை வேண்டும் என்று சொல்லும்போதே அந்தப் பரிசோதனை கத்தியில் போய் முடியக்கூடாது என்றும் சொல்லவேண்டிய ஊர் இது. இரண்டாவது டாக்டரின் கருத்து இல்லாமல் சம்மதிக்க வேண்டாம்.

நிதானமாகப் பார்க்கவேண்டியதை நாம் பார்ப்பதும் இல்லை. அதே ஆய்வில் 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. முன்னணியில் இருக்கும் தமிழ்நாடும் 10 சதவீதத்தைத் தொடவில்லை.

வீடு செய்யவேண்டியது

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் லேடி டாக்டரை ஒருமுறை பாருங்கள். 30 வயதைக் கடந்தவர் என்றால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் என்றால் எதையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரமிருக்காது.

டாக்டரிடம் ஒரு பக்கத்தில் எல்லாம் எழுதி வாங்குங்கள்: நோய், செய்த அறுவை, கடைசி ஸ்கேன், மருந்துகளின் வேதிப்பெயர். பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. அதைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை வாங்கும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டி இருப்பது தெரிந்தவருக்கு ரத்தப்போக்கு வந்தால் பணம் உண்டா? கர்ப்பச் சிக்கலுக்கு உண்டா? மருத்துவமனையில் படுக்காமல் டாக்டரைப் பார்த்தால் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இருக்கும் நோயை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள்; முதல் பில்லிலேயே அது வெளியே வந்துவிடும்.

போய் இறங்கிய வாரத்திலேயே பதிய வேண்டிய இடத்தில் பதியுங்கள். பிரிட்டனில் பொது மருத்துவர், அமெரிக்காவில் பல்கலைக்கழக மருத்துவ மையம். காப்பீடு இல்லாதவர்களுக்கு வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமுதாய மருத்துவ மையங்கள் அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ளன.

அமெரிக்காவில் சொந்தப் பணத்தில் சிகிச்சை என்றால், முன்பதிவு செய்யும்போதே உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். 2022 முதல் அது உங்கள் உரிமை. பில் அந்தத் தொகையை 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால் 120 நாளுக்குள் முறையிடலாம். பெரிய பில் வந்தால் உடனே கட்டிவிடாமல் இனம் இனமாகப் பிரித்துக் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்கான நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் எங்கே என்று கேளுங்கள்.

பிரசவ வலியோ நிற்காத ரத்தப்போக்கோ வந்தால் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் பணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. பில் பிறகு வரும். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அரசும் நிறுவனங்களும் செய்யவேண்டியது

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பயண பாலிசிகளின் முதல் பக்கத்தில், பெண்களுக்கு எதெல்லாம் கிடைக்காது என்பதை வாங்குபவரின் மொழியில் அச்சிட உத்தரவிடலாம். மாதவிலக்குக் கோளாறு, கர்ப்பச் சிக்கல், மாதவிலக்கு நின்ற பிறகான ரத்தப்போக்கு இவற்றுக்கு முதல் பரிசோதனைச் செலவையாவது தரும் துணைத் திட்டத்தைக் கூடுதல் பிரீமியத்தில் விற்கச் சொல்லலாம். முதல் ஸ்கேன் நடந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

புலம்பெயரும் தொழிலாளர்களுக்குப் புறப்படும் முன் தரும் பயிற்சியில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கி, ஒரு பெண் மருத்துவரைப் பேசவைக்க வேண்டும். டாம்காமும் சென்னை நிறுவனமும் நாளைக்கே தொடங்கலாம். பணிப்பெண்களுக்கான ஒப்பந்தத்தில் ‘ஆண்டுக்கு ஒருமுறை பெண் மருத்துவரைத் தனியாகச் சந்திக்கும் உரிமை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலாளி கூட இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் வேறு பல விஷயங்களும் வெளியே வரும்.

தூதரகங்களிடம் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. அவசர மருத்துவத்துக்கும் அதிலிருந்து உதவலாம். குறைகளைப் பதிய 2015 முதல் ‘மதாத்’ தளம் இருக்கிறது. ஒவ்வொரு தூதரகமும் தமிழோ தெலுங்கோ இந்தியோ பேசும் பெண் மருத்துவர்களின் பட்டியலைத் தன் தளத்தில் போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

மல்காஜ்கிரி போன்ற இடங்களின் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு பிற்பகலை வெளிநாடு போகும் பெண்களுக்காக ஒதுக்கலாம். பரிசோதனை, மருந்துக் குறிப்பு, ஒரு பக்கச் சான்று, இவ்வளவுதான். வளைகுடாவுக்குப் போகும் பணிப்பெண்ணும் டெக்சாஸுக்குப் போகும் ஓய்வு பெற்ற ஆசிரியையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்.

அடுத்த மாதம் யார் வீட்டிலாவது பெட்டி கட்டுவார்கள். லேகியத்தைத் துணியில் சுற்றி வைக்கும்போது மகளோ மருமகளோ போனில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “அம்மா, உனக்கு ஏதாவது படறதா?” கேட்க அரை நிமிடம் ஆகும். அம்மா “ஆமாம்” என்று சொன்னால், மல்காஜ்கிரியில் இருக்கும்போதே தெருமுனைவரை நடந்துபோய்ப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.